இரண்டாம் தாலி: தோட்டப்புற வரலாற்றில் நாம் எழுதாமல் விட்ட பக்கம்



நம் நாட்டுத் தமிழர் வரலாற்றை எழுதுவோர் கப்பலை எழுதுகின்றனர், கங்காணியை எழுதுகின்றனர், இரப்பர் விலையையும் கோயில் குடமுழுக்கையும் தொழிற்சங்கத்தையும் எழுதுகின்றனர். இவை யாவும் எழுத வேண்டியவையே. ஆனால், வீட்டுக்குள் நடந்த வரலாறு ஒன்று உண்டு. கணவனைத் தொலைத்த பெண் எவ்வாறு மீண்டும் ஒரு குடும்பத்தை அமைத்துக்கொண்டாள்? மனைவியை ஊரில் விட்டு வந்த ஆண் இங்கு யாருடன் வாழ்ந்தான்? பிரிந்துபோன உடன்பிறப்புகள் தலை நரைத்த பிறகு எவ்வாறு ஒன்றுசேர்ந்தனர்? இக்கேள்விகளுக்கான விடைகள் பெரும்பாலும் நூல்களில் இல்லை. நம் பாட்டிமார்களின் நெஞ்சில் இருந்தன. அந்தப் பாட்டிமார்கள் இப்போது ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். ஆகவேதான் இக்கட்டுரை.

பத்துமலையை முன்வைத்து இதனைத் தொடங்குவது பொருத்தம் என்று எண்ணுகிறேன். கா. தம்புசாமிப் பிள்ளையின் முயற்சியால் 1891ஆம் ஆண்டு அக்குகையில் முருகன் வழிபாடு நிலைபெற்றது. 1892 முதல் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது. 1920இல் மரப்படிகளும், பின்னர் 1940இல் இன்று நாம் காணும் 272 கற்காரைப் படிகளும் அமைந்தன. இவை எல்லாரும் அறிந்த செய்திகள். அவ்வளவாகப் பேசப்படாத செய்தி வேறொன்று. தொலைபேசி இல்லாத காலத்தில், சிலாங்கூரின் தோட்டங்களில் சிதறிக் கிடந்த உறவினர்கள் ஆண்டுக்கு ஒருமுறை முகம் பார்த்துக்கொள்ளும் இடமாக அம்மலையடிவாரம் விளங்கியது. கிள்ளானில் வாழ்ந்த அக்காவும் ரவாங்கில் வாழ்ந்த தங்கையும் சந்தித்துக்கொண்டது அங்கேதான். பெண் பார்த்ததும் அங்கே; பகை தீர்ந்ததும் அங்கே. பழத்துக்காகத் தாய் தந்தையரிடம் கோபித்துக்கொண்டு மலையேறிய பிள்ளைதானே முருகன்! பிரிந்த குடும்பங்கள் அவன் மலையடியில் ஒன்றுகூடியது பொருத்தமே.

கடல் பிரித்த குடும்பங்கள்

மலாயாவுக்கு வந்த தொழிலாளர்களில் தொடக்கத்தில் ஆண்களே மிகுதி. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிக்கப்பட்ட பின்பு கங்காணி முறையில் குடும்பத்தோடு வந்தவர்களின் எண்ணிக்கை கூடியது. ஆயினும், 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதுகூட இந்தியர்களிடையே ஆண்களின் எண்ணிக்கையில் ஏறத்தாழப் பாதி அளவே பெண்கள் இருந்தனர். பலர் மனைவி மக்களைத் தஞ்சையிலோ திருச்சியிலோ சேலத்திலோ விட்டுவிட்டு, இரண்டு மூன்று ஆண்டுகளில் திரும்பிவிடலாம் என்ற நம்பிக்கையுடன் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர்கள். 1926இல் கட்டப்பட்ட 'ரஜுலா' போன்ற கப்பல்கள் அவர்களைப் பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் இறக்கிவிட்டன. போர்ட் சுவெட்டன்ஹாம் என்பது இன்றைய கிள்ளான் துறைமுகத்தின் பழைய பெயர்.

1938ஆம் ஆண்டு இந்திய அரசாங்கம் உடலுழைப்புத் தொழிலாளர்கள் மலாயாவுக்குச் செல்வதைத் தடை செய்தது. தோட்டத்துரைமார்கள் கூலியைக் குறைத்ததே அதற்குக் காரணம். தடை தொழிலாளர் நலனுக்காகவே விதிக்கப்பட்டது. ஆயினும், அப்புறம் அழைத்துக்கொள்ளலாம் என்று மனைவியை ஊரில் விட்டு வந்தவனுக்குக் கதவு பாதி மூடியது. 1942இல் போர் வந்ததும் கப்பலும் நின்றது, கடிதமும் நின்றது. மூன்றரை ஆண்டுகள் அக்கரையில் இருந்தவர்களுக்கு இக்கரையில் இருந்தவர்கள் உயிரோடு இருக்கின்றனரா என்பதே தெரியாது. போருக்குப் பிறகு 1953இல் குடிநுழைவுச் சட்டம் மேலும் இறுகியது.

இவ்வாறாக, பலருக்கு இரு குடும்பங்கள் உருவாயின. ஊரில் ஒன்று, தோட்டத்தில் ஒன்று. இதனை வெறும் ஒழுக்கக் கேடு என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. கைவிடப்பட்ட மனைவியின் கண்ணீரை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், கடலும் போரும் சட்டமும் கூலியும் ஒன்றுசேர்ந்து பிரித்த குடும்பங்களின் கதையில் தனி மனிதனின் குற்றத்தை மட்டும் தேடுவது வரலாறாகாது.

சயாமுக்குப் போனவர்கள்

இனி, இக்கட்டுரையின் நடுப்பொருளுக்கு வருகிறேன்.

1942ஆம் ஆண்டு சப்பானியப் படை சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் நீள இரயில் பாதையை அமைக்கத் தொடங்கியது. இரு முனைகளிலிருந்தும் போடப்பட்டு வந்த தண்டவாளங்கள் 1943 அக்டோபர் 17ஆம் நாள் இணைந்தன. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகளும், அவர்களைப் போல் பன்மடங்கு எண்ணிக்கையிலான ஆசியத் தொழிலாளர்களும் அதில் உழைத்தனர். மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொண்டு செல்லப்பட்டதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. அவர்களுள் பெரும்பான்மையினர் தோட்டத் தமிழர்கள். முதலில் நல்ல கூலி என்று ஆசை காட்டினர். உண்மை நிலை கசிந்த பிறகு, ஆள்களை வலுவில் பிடித்துச் சரக்கு வண்டிகளில் ஏற்றினர். வாந்திபேதி, மலேரியா, பட்டினி, புண் ஆகியவற்றால் இறந்த ஆசியத் தொழிலாளர்களின் தொகை தொண்ணூறாயிரம் அளவில் இருக்கும் என்பது பொதுவாகக் கூறப்படும் மதிப்பீடு. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' என்னும் நாவலும், அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' என்னும் நாவலும் இத்துயரத்தைத் தமிழில் பதிவு செய்துள்ளன. உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு இவற்றை அறிமுகப்படுத்துவது நம் கடமை.

காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகள் பெயருடன் நினைவுகூரப்படுகின்றனர். நம்மவர்களுக்கு அவ்வாறு பெயர் பொறித்த கல்லறை இல்லை. இன்னார் இன்ன நாளில் இன்ன முகாமில் இறந்தார் என்று குடும்பத்துக்கு அறிவிக்க யாரும் இல்லை. இதன் விளைவைச் சற்று எண்ணிப் பாருங்கள். தோட்டத்தில் காத்திருந்த மனைவிக்கு உடல் வரவில்லை, சாம்பல் வரவில்லை, சேதியும் வரவில்லை. திதி கொடுக்க நாள் தெரியாது. கழுத்தில் தாலி இருக்கிறது. கணவன் இருக்கிறானா என்பது தெரியாது. அவளைச் சுமங்கலி என்பதா, கைம்பெண் என்பதா? இரண்டுக்கும் இடையில் தொங்கிய அந்த நிலைக்குத் தமிழில் ஒரு சொல்கூட இல்லை.

சட்டத்தில் ஒரு விதி இருந்தது. ஏழாண்டுக் காலம் ஒருவரைப் பற்றி, இயல்பாகச் சேதி அறிந்திருக்க வேண்டியவர்கள் எதுவும் கேள்விப்படாவிட்டால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று கூறுபவரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்பது அவ்விதி. இந்தியச் சாட்சியச் சட்டத்தின் வழிவந்த அவ்விதி இன்றும் நம் நாட்டுச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவில் உள்ளது. ஆனால், 1943இல் கணவனைத் தொலைத்தவள் 1950 வரை காத்திருப்பதா? போர்க்காலத்தில் அரிசி இல்லை. மரவள்ளிக் கிழங்கே உணவு. தோட்டத்தில் பால்மரம் சீவும் வேலை முடங்கிக் கிடந்தது. இடுப்பில் ஒரு பிள்ளையும் கையில் ஒரு பிள்ளையுமாக நின்றவளுக்கு ஏழாண்டு என்பது சட்டப் புத்தகத்தில் மட்டுமே சிறிய எண்.

அறுத்துக் கட்டுதல்: பழைய வழக்கம், புதிய வெட்கம்

எனவே, பலர் மறுமணம் செய்துகொண்டனர். மனைவியை நோய்க்குப் பறிகொடுத்தவன், கணவனைச் சயாமுக்குப் பறிகொடுத்தவளைச் சேர்த்துக்கொண்டான். சிலருக்குத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி கட்டினர். சிலருக்கு அதுவும் இல்லை. ஒரே லயத்தில் ஒரே அடுப்பு எரியத் தொடங்கியது, அவ்வளவுதான். இவன் பிள்ளை இரண்டு, அவள் பிள்ளை இரண்டு, இருவருக்கும் பிறந்தது மூன்று என்று ஏழு பிள்ளைகள் ஒரே கூரையின்கீழ் வளர்ந்தனர். அவற்றுள் பல, நல்ல குடும்பங்களாகவே நிலைத்தன. நாற்பது வயதுக்குப் பிறகு இணைந்த அவர்கள் அதனைக் காதல் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால், விடியற்காலை நான்கு மணிக்கு அவள் எழுவதற்கு முன் எழுந்து அடுப்பு மூட்டித் தேநீர் கலக்கிய ஆணைப் பற்றி அவர்தம் பிள்ளைகள் என்னிடம் சொல்லும்போது, அதற்கு வேறென்ன பெயர் இடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இங்கே ஆசிரியர்கள் கருத வேண்டிய ஒரு செய்தி உண்டு. கைம்பெண் மறுமணம் தமிழருக்கு அந்நியமானது அன்று. 'அறுத்துக் கட்டுதல்' என்னும் சொல்லே அதற்குச் சான்று. பழைய தாலியை அறுத்துவிட்டுப் புதுத் தாலி கட்டிக்கொள்ளும் உரிமை உழைக்கும் மக்கள் பலரிடையே வழக்கில் இருந்தது. மறுமணத் தடை என்பது உயர்சாதியினர் என்று தம்மை எண்ணிக்கொண்டவர்களின் வழக்கம். பிரிட்டிஷ் இந்தியாவில் 1856ஆம் ஆண்டு இந்துக் கைம்பெண் மறுமணச் சட்டம் கொண்டுவரப்பட்டதும் முதன்மையாக அத்தடையை முன்னிட்டே. தோட்டத்துக்கு வந்தவர்களுள் பெரும்பாலோர் அத்தடை இல்லாத சமூகங்களைச் சேர்ந்தவர்கள்.

அப்படியானால், இன்று ஏன் அக்கதைகளை மறைக்கிறோம்? என் கருத்து இது: வழக்கம் பழையது, வெட்கம்தான் புதியது. தோட்டத்திலிருந்து நகரத்துக்கு வந்து, படித்து, உத்தியோகம் பார்த்து, நடுத்தர வகுப்பினராக உயர்ந்தபோது, மதிப்புக்குரிய குடும்பம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற ஓர் அச்சை நாம் இரவல் வாங்கினோம். அந்த அச்சுக்குள் பாட்டியின் இரண்டாம் தாலி அடங்கவில்லை. எனவே, அவளை மறைத்தோம். சிலர் இன்னும் மோசமாக, கணவனை இழந்து மணந்துகொண்டவளையும் 'சேர்த்துக்கிட்டது' என்ற சொல்லால் குறித்தனர்.

இந்த வெட்கத்துக்கு எதிராகப் பேசியவர்களும் மலாயாவில் இருந்தனர். 1929 டிசம்பரில் பினாங்கில் வந்திறங்கிய தந்தை பெரியார், 1930ஆம் ஆண்டின் தொடக்கம் வரை மலாயாவிலும் சிங்கப்பூரிலும் சுயமரியாதைக் கருத்துகளைப் பரப்பினார். மறுமணம் அக்கருத்துகளுள் ஒன்று. அதனையொட்டிச் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது, கோ. சாரங்கபாணி 1935இல் 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கினார். தமிழகத்தில் 1975ஆம் ஆண்டு கைம்பெண் மறுமணத்துக்கு அரசே நிதியுதவி வழங்கும் திட்டம் தர்மாம்பாள் அம்மையார் பெயரில் தொடங்கப்பட்டது. மேடைக்கும் அரசாணைக்கும் வெகுதொலைவில், நம் தோட்டத்துப் பெண்கள் அதை ஏற்கெனவே வாழ்ந்து காட்டிவிட்டனர் என்பதே நான் சொல்ல வருவது.

திரும்பி வந்தவர்கள்

1945இல் போர் முடிந்தது. சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகச் சிலர் திரும்பினர். இறந்துவிட்டான் என்று எண்ணப்பட்டவன் ஒரு மாலை வேளையில் தோட்டத்து மண்சாலையில் நடந்து வந்தான். வீட்டில் வேறொருவன் இருந்தான்.

ஆங்கிலக் கவிஞர் டென்னிசன் 1864இல் வெளியிட்ட 'இனோக் ஆர்டன்' இதே நிலைமையைப் பொருளாகக் கொண்டது. கடலில் தொலைந்து பல்லாண்டுகள் கழித்துத் திரும்பும் மாலுமி, தன் மனைவி வேறொருவரை மணந்து வாழ்வதைக் கண்டு, தன்னை வெளிப்படுத்தாமலேயே இறந்துபோகிறான். அக்கதை உலகப் புகழ் பெற்றது. நம் தோட்டங்களில் நடந்த கதைகளைப் பாட யாரும் இல்லை.

மூத்தோர் பலர் வாயிலாக நான் கேட்டறிந்த வகையில், முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. சில இடங்களில் பஞ்சாயத்துக் கூடியது. முதல் கணவனுடன் போகிறாயா, இவனுடன் இருக்கிறாயா என்று பெண்ணையே கேட்டனர். கேட்டார்களே, அதுவே பெரிது! சில இடங்களில் திரும்பி வந்தவன் ஒரு சொல்லும் சொல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டான். வேறு சில இடங்களில் அவன் அதே தோட்டத்தில், அடுத்த லயத்தில் குடியிருந்து, தன் பிள்ளைகள் மற்றொருவரை அப்பா என்று அழைப்பதைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்தான். அப்பிள்ளைகளின் திருமணத்தில் இருவரும் தந்தையராக நின்றதும் உண்டு.

நம் மொழியும் இதற்கு இடம் கொடுத்தது என்பதைக் கவனியுங்கள். தாயின் இரண்டாம் கணவரைச் சின்னையா என்றோ சித்தப்பா என்றோ அழைத்தால் போதும்; தந்தையின் இரண்டாம் மனைவி சின்னம்மா ஆகிவிடுவார். ஒரு தாய்க்கு இரு தந்தையர் வழிப் பிறந்தவர்களைப் பிரித்துச் சொல்ல அன்றாடப் பேச்சில் தனிச்சொல் தேவைப்படவில்லை. அண்ணன் அண்ணன்தான், தங்கை தங்கைதான். மாற்றாந்தாய் என்பது கதைப்புத்தகத்தில் வரும் சொல். வீட்டில் வழங்கிய சொல் சின்னம்மா.

சட்டம் வந்த பிறகு

1982 மார்ச் 1ஆம் நாள், முசுலிம் அல்லாதாருக்கான 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு இந்து வழக்கப்படி நடந்த திருமணங்கள், ஒன்றுக்கு மேற்பட்டவையாக இருந்தாலும், வழக்காற்றின்படி செல்லுபடியாகும் வாய்ப்பு இருந்தது. அவற்றைப் புதிய சட்டம் செல்லாதவை ஆக்கவில்லை. செல்லுபடியாகும் பழைய திருமணங்கள் பதிவு செய்யப்பட்டவையாகவே கருதப்படும் என்றது. ஆனால், அந்நாளுக்குப் பிறகு ஒருவருக்கு ஒரு திருமணமே. அதுவும் பதிவு செய்யப்பட வேண்டும்.

இது பெண்களுக்குப் பெரும் பாதுகாப்பு. அதே வேளையில், அடுத்த லயத்துக்குப் போய்ச் சேர்ந்து வாழ்ந்த பழைய எளிமை இனிச் செல்லாது என்பதும் இதன் பொருள். இதனைப் புரிந்துகொள்ளாமல், கோயிலில் தாலி கட்டியதே போதும் என்று இருந்துவிட்டவர்களின் பிள்ளைகள் இன்றும் நம் பள்ளிகளுக்கு வருகின்றனர். பெற்றோரின் திருமணம் பதிவாகவில்லை என்றால், தந்தையின் குடியுரிமையைக் கொண்டு பிள்ளை உரிமை கோர இயலாது. தாயின் நிலையே பார்க்கப்படும். தாய் வெளிநாட்டவராகவோ ஆவணம் இல்லாதவராகவோ இருந்தால், பிள்ளையின் வாழ்வே சிக்கலாகிவிடும். 2011இல் அரசாங்கம் 'மைடஃப்தார்' என்னும் பதிவு இயக்கத்தை இந்தியர்களுக்காக நடத்தியதற்கு இத்தகைய ஆவணச் சிக்கல்களே காரணம்.

கொரியர் செய்ததும் நாம் செய்யாததும்

பிரிந்த குடும்பங்களை ஒரு நாடு எவ்வாறு தேடியது என்பதற்குத் தென் கொரியா சிறந்த எடுத்துக்காட்டு. கொரியப் போர் ஓய்ந்து முப்பதாண்டுகள் ஆன பின்பு, 1983 ஜூன் 30ஆம் நாள் அந்நாட்டின் கேபிஎஸ் தொலைக்காட்சி, தொலைந்த உறவினரைத் தேடும் நேரலை நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கியது. ஒரே இரவுக்கெனத் திட்டமிட்ட அந்நிகழ்ச்சி 138 நாள்கள் நீடித்தது. மொத்தம் 453 மணி 45 நிமிடம். ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இணைந்தன. அதன் ஆவணங்கள் 2015இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன.

நமக்கு அவ்வாறு ஒன்றும் நடக்கவில்லை. நம்மவர்கள் தாமாகவே தேடிக்கொண்டனர். 1969க்குப் பிறகு, வேலை அனுமதிச் சீட்டுக் கிடைக்காமல் ஏறத்தாழ 60,000 இந்தியர்கள் நாட்டை விட்டு வெளியேறியபோது மீண்டும் ஒரு பிரிவு ஏற்பட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், பின்னர் அவை வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோதும் இன்னொரு பிரிவு. தோட்டத்தில் நான்கு லயங்களுக்குள் அடங்கியிருந்த சொந்தம், செந்தூலுக்கும் பிரிக்பீல்ட்சுக்கும் பூச்சோங்குக்கும் கிள்ளானுக்குமாகச் சிதறியது. அடுக்குமாடி வீட்டின் முகவரி பழைய உறவினருக்குத் தெரியாது. கடிதத்துக்கு விலாசம் எழுதத் தெரிந்த ஒரே ஆள் தாத்தா. அவர் போனதும் ஊர்த் தொடர்பும் போயிற்று.

ஆனால், இருபத்தோராம் நூற்றாண்டில் ஒரு திருப்பம் ஏற்பட்டது. கோலாலம்பூரிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு மலிவு விலை விமானச் சேவை 2008ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கியது. ஒருவர் வாழ்நாள் முழுதும் சேமித்துச் செல்ல வேண்டியிருந்த பயணம் சில மணி நேரமாகச் சுருங்கியது. அதன் பிறகு, பணி ஓய்வு பெற்ற பலர் தாத்தாவின் பழைய கடித உறையில் இருந்த ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டு புறப்பட்டனர். அங்கே அவர்களுக்குப் பெரியப்பா ஒருவர் கிடைத்தார். அல்லது அவர் மகன் கிடைத்தார். தாத்தாவின் முதல் மனைவி சாகும்வரை பொட்டை அழிக்காமல் காத்திருந்தார் என்ற செய்தியைக் கேட்டு, அவ்வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அழுதுவிட்டு வந்ததாக ஓர் ஆசிரியை என்னிடம் சொன்னார். அந்த அழுகைக்குப் பிறகு இரு வீட்டாரும் ஒரே பந்தியில் உண்டனராம். ஒருவரை ஒருவர் குற்றம் சாட்ட வேண்டியவர்கள் யாவரும் இறந்துவிட்டனர். எஞ்சியிருந்தவர்களுக்கு உறவு மட்டுமே மிச்சம்.

வகுப்பறையில் குடும்ப மரம்

2014 முதல் நம் தொடக்கப்பள்ளிகளில் நான்காம் ஆண்டிலிருந்து வரலாறு தனிப் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. அதில் மாணவர் தம்மைப் பற்றியும் தம் குடும்பத்தைப் பற்றியும் அறியும் பகுதி உண்டு. குடும்ப மரம் வரைந்து வரச் சொல்வோம். அழகான அட்டை, நான்கு கட்டங்கள், இரு தாத்தா, இரு பாட்டி.

என் மாணவன் ஒருவன் ஐந்து கட்டங்கள் வரைந்து வந்தான். "சார், எங்க பாட்டிக்கு ரெண்டு வீட்டுக்காரவுங்க. ஒருத்தர் முன்னமே செத்துட்டாரு. ரெண்டு பேரும் எனக்குத் தாத்தாதான்னு அம்மா சொன்னாங்க" என்றான். வகுப்பில் சிலர் சிரித்தனர். அச்சிறுவன் சிரிக்கவில்லை, வெட்கப்படவும் இல்லை. அவனுடைய அம்மா அவனுக்கு உண்மையைச் சரியான தொனியில் சொல்லிக் கொடுத்திருந்தார். அன்றைய பாடத்தை நான் அந்த ஐந்தாவது கட்டத்திலிருந்தே நடத்தினேன்.

இதற்கு மாறானவற்றையும் கண்டிருக்கிறேன். கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு, கேட்டால் தலைகுனியும் பிள்ளைகள் உண்டு. பெற்றோர் பொய்யான பெயரை எழுதிக் கொடுத்ததும் உண்டு. ஆகவே, ஆசிரியர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள்:

1. குடும்ப மரத்துக்கு அச்சடித்த கட்டங்களைக் கொடுக்காதீர்கள். வெறுந்தாளைக் கொடுங்கள். எத்தனை கிளை வேண்டுமோ அத்தனை கிளையைப் பிள்ளையே வரையட்டும்.

2. விடுபட்ட இடத்தைக் குறையாகக் கருதி மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். ஏன் விடுபட்டது என்பதுதான் வரலாறு. போரா, கப்பலா, வேலை அனுமதியா, நோயா என்று விசாரிக்கத் தூண்டுங்கள். வகுப்பின் முன் சொல்லும்படி கட்டாயப்படுத்தாதீர்கள்.

3. மூத்தோரிடம் பேசிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். கைப்பேசி ஒன்றே போதும். எந்தக் கப்பல், எந்தத் தோட்டம், யாரைப் பிரிந்தீர்கள், யாருடன் சேர்ந்தீர்கள் என்ற நான்கு கேள்விகள் போதும்.

மூத்தோர் துணை தேடும்போது

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். அன்று தோட்டத்தில் நாற்பது வயதில் நடந்தது, இன்று நகரத்தில் அறுபது வயதில் நடக்கிறது. மனைவியை இழந்த தந்தையோ, கணவரை இழந்த தாயோ, பிள்ளைகள் யாவரும் தத்தம் குடும்பத்தோடு போய்விட்ட பிறகு, பேச்சுத் துணைக்கு ஒருவரைக் கண்டடைகிறார். உடனே பிள்ளைகள் பதறுகின்றனர். 'இந்த வயதில் எதற்கு?' என்கின்றனர். அக்கேள்விக்குப் பின்னால் பெரும்பாலும் இரண்டு அச்சங்கள் உள்ளன. ஒன்று, ஊர் என்ன சொல்லும் என்பது; மற்றொன்று, சொத்து என்ன ஆகும் என்பது.

முதல் அச்சத்துக்கான விடையை மேலே எழுதிவிட்டேன். ஊர் என்று நாம் அஞ்சுவது நம் பாட்டன் பாட்டிக்குத் தெரியாத ஊர். இரண்டாம் அச்சத்துக்குச் சட்டத்திலேயே வழி உண்டு. முசுலிம் அல்லாதார் எழுதிய உயில், அவர் திருமணம் செய்துகொண்டால் பொதுவாக இரத்தாகிவிடும் என்கிறது 1959ஆம் ஆண்டு உயில் சட்டம். ஆகவே, மறுமணம் செய்வோர் புதிய உயில் எழுதிவிட வேண்டும். உயில் இல்லாமல் இறந்தால் 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி வாழ்க்கைத் துணைக்கும் பிள்ளைகளுக்கும் பங்கு பிரியும். இறந்தவரின் பெற்றோர் உயிருடன் இல்லையெனில், துணைக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரு பங்கு. துணையின் முன்மணப் பிள்ளைகள் இப்பங்கீட்டில் சேரமாட்டார்கள். அவர்களுக்கும் கொடுக்க விரும்பினால் உயிலில்தான் எழுத வேண்டும். ஊழியர் சேமநிதி வாரியத்தில் பெயர் நியமனத்தையும் புதுப்பிக்க வேண்டும். திருமணத்தைப் பதிவு செய்ய, முன்னாள் துணையின் இறப்புச் சான்றிதழோ மணவிலக்கு முழுமை பெற்ற ஆணையோ தேவைப்படும். இவ்வளவையும் ஒரு மாலையில் அமர்ந்து வெளிப்படையாகப் பேசி முடித்துவிட்டால், எஞ்சியிருப்பது அன்பு மட்டுமே. பேசாமல் விட்டால், அதுவே பத்தாண்டுப் பகையாக வளரும்.

எனக்குத் தெரிந்த ஓர் அன்பர் தம் அறுபத்து மூன்றாம் வயதில் மறுமணம் செய்துகொண்டார். மூத்த மகள் ஈராண்டுகள் வீட்டுப் பக்கம் வரவில்லை. பிறகு மகளுக்கு மகப்பேறு நேர்ந்தபோது, நாற்பது நாளும் பத்தியச் சமையல் செய்து போட்டவர் அந்தப் புதிய சின்னம்மாதான். வாதத்தால் வெல்ல முடியாததை மிளகு இரசம் வென்றது. இப்போது அப்பேரக்குழந்தைக்கு அவர் ஒருவர்தான் பாட்டி.

சயாம் இரயிலில் போனவர்களுக்காக நாம் நினைவுச்சின்னம் கேட்கிறோம், கேட்க வேண்டியதுதான். ஆனால், அவர்கள் விட்டுச்சென்ற பெண்கள் இடிந்துபோகாமல் மீண்டும் உலை வைத்தார்களே, மற்றவர் பிள்ளையைத் தம் பிள்ளையாக வளர்த்தார்களே, அவர்களுக்கும் ஒரு நினைவு வேண்டாமா? அதற்குக் கல் தேவையில்லை. நிதி திரட்டத் தேவையில்லை. உங்கள் வீட்டுக் குடும்ப மரத்தில் விடுபட்ட அந்தப் பெயரை, இன்றே, உங்கள் பிள்ளையின் கையால் எழுதச் செய்யுங்கள். பெயர் தெரியாவிட்டால், தெரிந்தவர் இன்னும் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவனாகிய தமிழாசிரியன்